தெரிந்த முகங்களின் மருத்துவர்: ராணுவ மருத்துவமனையில் குடும்ப மருத்துவப் பயிற்சி

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நெல்லித்தோப்பிலோ அறுபதைத் தாண்டிய ஒருவரின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று டாக்டர்களின் சீட்டு அதில் இருக்கும். பிரஷருக்கு ஒருவர் எழுதிய எனலாப்ரில், கால் வீக்கத்துக்கு இன்னொருவர் கொடுத்த நீர் பிரியும் மாத்திரை, முழங்கால் வலிக்கு எலும்பு டாக்டர் தந்த டைக்ளோஃபெனாக். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரியான மருந்துதான். மூன்றையும் ஒருவர் தினமும் சேர்த்து விழுங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறத் தொடங்கலாம். மூன்று சீட்டையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் ஆள் எவரும் அந்தக் குடும்பத்துக்கு இல்லை. குடும்ப மருத்துவர் என்பவரின் முதல் வேலை அது.

எம்.பி.பி.எஸ். படித்து ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் முடித்தவர் எவரும் போர்டு மாட்டி கிளினிக் திறக்கலாம். அதனாலேயே இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கம் வேரூன்றவில்லை. அமெரிக்காவில் 1969லேயே இதைத் தனித் துறையாக ஏற்று, மூன்றாண்டு ரெசிடென்சியை, அதாவது மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பெறும் பயிற்சியை, வகுத்துவிட்டார்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் தேர்வெழுதித் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும் என்று முதலில் விதித்ததும் இந்தத் துறைதான். இந்தியாவில் தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டி.என்.பி. என்னும் மேற்படிப்பில் குடும்ப மருத்துவம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்றாண்டு, நீட் பி.ஜி. வழியாகச் சேர்க்கை. கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி எம்.டி. படிப்பைத் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி. ஏழைகளுக்கான குறைந்த செலவு மருத்துவப் பிரிவு ஒன்றை 1980களிலிருந்தே குடும்ப மருத்துவ முறையில் நடத்தி வருகிறது. 2017ஆம் ஆண்டு தேசிய நலக் கொள்கையும் இந்தத் துறையைப் பரவலாக்கச் சொல்கிறது. ஆனாலும் சீட் எடுக்கும் நேரத்தில் ரேடியாலஜியும் தோல் மருத்துவமும் முடிந்த பிறகுதான் பலரின் கண் இந்தப் பக்கம் திரும்புகிறது.

இந்தப் பயிற்சி நடக்கும் இடங்களில் நம் ஊரில் அதிகம் பேசப்படாதது ராணுவ மருத்துவமனை. அமெரிக்காவில் வட கரோலினாவின் வோமாக், வாஷிங்டன் மாநிலத்தின் மேடிகன், கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன் கடற்படை மருத்துவமனை ஆகியவற்றில் குடும்ப மருத்துவ ரெசிடென்சி உண்டு. இந்தியாவிலும் ஆயுதப்படை மருத்துவமனைகள் டி.என்.பி. பயிற்சிக்கு அங்கீகாரம் பெற்றவை; குடும்ப மருத்துவமும் அவற்றில் கற்பிக்கப்படுகிறது. போர்க்காயத்துக்குத் தையல் போடும் இடத்தில் குடும்ப மருத்துவத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ராணுவ மருத்துவமனையின் அன்றாடத்தில் போர்க்காயம் மிகச் சிறு பங்கு. ஜவானின் முதுகுவலி, அவர் மனைவியின் ரத்தசோகை, பிள்ளையின் ஆஸ்துமா, சுபேதாராக ஓய்வு பெற்ற பெரியவரின் சர்க்கரை என்றுதான் அங்கே பொழுது விடிகிறது.

முகாம் என்னும் மூடிய ஊர்

குடும்ப மருத்துவத்தைக் கற்றுக்கொள்ள ஒரு மாணவருக்கு முதலில் வேண்டியது பெயர் தெரிந்த, எண்ணிக்கை தெரிந்த ஒரு மக்கள் கூட்டம். தன் பொறுப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை கர்ப்பிணிகள், தடுப்பூசி தவறிய குழந்தைகள் யார் யார் என்று அவர் சொல்ல முடிய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரியின் ஓ.பி.யில் ஒரே காலையில் நூறு பேரைப் பார்த்தாலும் இது கைகூடாது. அந்த நூறு பேரும் மறுபடி அதே டாக்டரிடம் வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. போன வாரம் கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று தெரியாமலே மூன்றாண்டு ஓடிவிடும்.

முகாமில் கதை வேறு. ஒரு காலாட்படை பட்டாலியனில் சுமார் 800 பேர். அவர்களில் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்களின் மனைவி, மக்கள் அதே வளாகத்தில் குடியிருக்கிறார்கள். காலையில் உடம்பு சரியில்லாதவர் சிக் ரிப்போர்ட் எழுதி எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட்டின் மருத்துவ அறைக்கு, வருவார். அங்கே தீராதது அந்த வட்டார ராணுவ மருத்துவமனைக்குப் போகும், அதிலும் தீராதது கமாண்ட் மருத்துவமனைக்கு. ஒவ்வொரு படியிலும் கேஸ் ஷீட் கூடவே போகிறது, சிகிச்சை முடிந்ததும் ஆள் அதே யூனிட்டுக்குத் திரும்பி வருகிறார். தான் அனுப்பிய நோயாளிக்கு மேலே என்ன செய்தார்கள், தன் கணிப்பு சரியா என்று மாணவர் கண்ணால் பார்த்துவிடுகிறார். மருத்துவக் கல்வியில் இதைவிடப் பெரிய ஆசிரியர் கிடையாது என்றே சொல்லலாம்.

மாற்றல் வரும்தான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை யூனிட் இடம் பெயரும். மூன்றாண்டுப் பயிற்சிக்குள் ஒரு மாணவர் ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து இரண்டு ஆண்டு பார்த்துவிட்டால் அதுவே நல்ல விளைச்சல். ஒரு கர்ப்பத்தை மூன்றாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை கவனித்து, பிறந்த குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போடும் வரை கூடவே இருக்க அந்தக் காலம் போதும்.

மூன்று ஆண்டுகளில் என்ன நடக்கிறது

டி.என்.பி. மாணவர் பொது மருத்துவம், குழந்தை நலம், மகப்பேறு, அறுவை சிகிச்சை ஆகிய பெரிய துறைகளில் நீண்ட சுற்றும், எலும்பு, காது மூக்கு தொண்டை, கண், தோல், மனநலம், அவசர சிகிச்சை ஆகியவற்றில் குறுகிய சுற்றும் போக வேண்டும். பார்த்த கேஸ்களைக் குறிக்கும் லாக் புக் எழுத வேண்டும், ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும், கடைசியில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தச் சுற்றுகளைக் கோத்துப் பிடிக்கும், அதே குடும்பங்கள் அதே மாணவரிடம் திரும்பத் திரும்ப வரும் தொடர் கிளினிக் இருக்கிறதா என்பதில்தான் பயிற்சியின் தரம் தெரியும். அமெரிக்க விதிகள் இந்த விஷயத்தில் கறாரானவை. ராணுவ ரெசிடென்சிக்குத் தனிச் சலுகை கிடையாது, சிவில் மருத்துவமனைக்குள்ள அதே அங்கீகார விதி, அதே வாரியத் தேர்வு. முன்பு ஒவ்வொரு மாணவரும் தன் சொந்தக் கிளினிக்கில் மூன்றாண்டில் குறைந்தது 1,650 நோயாளி வருகைகளைப் பார்த்திருக்க வேண்டும். அதில் 165 பத்து வயதுக்குக் கீழும், 165 அறுபது வயதுக்கு மேலும் இருக்க வேண்டும். 2023 ஜூலை முதல் தலை எண்ணுவதை விட்டுவிட்டு, தன் நோயாளிகளுக்காக 1,000 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரமாவது கிளினிக் என்று மாற்றினார்கள். எண்ணிக்கையை நிரப்ப ஜலதோஷக் கேஸ்களாகப் பொறுக்கும் ஆபத்து இதனால் குறைகிறது, மாற்றம் சரியானதே. கிளினிக்கில் ஒரு ஆசிரியருக்கு நான்கு மாணவருக்கு மேல் கூடாது. நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

வாரத்தில் ஓர் அரைநாள் கிளினிக் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். எல்லாத் துறையும் சுற்றி முடித்துக் கடைசி ஆண்டில் கிளினிக்கில் உட்காரட்டும் என்று விட்டால், மாணவர் அரைகுறைப் பொது மருத்துவராகவும் அரைகுறைக் குழந்தை மருத்துவராகவும் வெளியே வருவார். குழந்தை வார்டில் இருக்கும் மாதத்திலும், எலும்புப் பிரிவில் கட்டுப் போடும் மாதத்திலும், வியாழன் பிற்பகல் என்றால் தன் குடும்பங்கள் தன்னைத் தேடி வரும் என்ற நிலை இருந்தால்தான் வார்டில் கற்றது கிளினிக்கில் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று புரியும்.

கிளினிக் அறைக்குள்

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 34 வயது ஹவில்தார், ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்கிறார். பிரஷர் 150/96. முதலாண்டு மாணவர் உடனே அம்லோடிபின் எழுதக் கை வைப்பார். ஆசிரியர் அவரை நிறுத்தி, எப்படி அளந்தாய் என்று கேட்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்தாயா? முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் இருந்ததா? பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை மேல்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்றியதா? உடற்பயிற்சி செய்து கை பருத்த ஜவானுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் பொய்யாகக் கூடிக் காட்டும். முகாமில் இது அன்றாடம் நடக்கும் பிழை. இரண்டு கையிலும் அளந்து, அதிகமாக இருக்கும் கையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியும் அதிகமாகவே இருந்தால் ஏழு நாள் காலை, மாலை இரண்டிரண்டு முறை வீட்டில் அளக்கச் சொல்லி, முதல் நாள் கணக்கை ஒதுக்கிவிட்டு மீதியின் சராசரி 135/85ஐ எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டினால், நாற்பது வயதுக்குக் கீழே இது ஏன் வந்தது என்ற கேள்வி அடுத்து நிற்கிறது. சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், பொட்டாசியம், மணிக்கட்டு நாடியோடு தொடைநாடி ஒரே நேரத்தில் துடிக்கிறதா, குறட்டை, வலி மாத்திரை, ஜிம் பவுடர். இவ்வளவும் கேட்க 20 நிமிடம் ஆகும். பயிற்சிக் கிளினிக்கில் அந்த 20 நிமிடத்தை அனுமதிக்கத்தான் வேண்டும். வேகம் மூன்றாம் ஆண்டில் தானாக வரும்.

இதே கேஸில் ராணுவத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தியப் படையில் மனநிலை, செவித்திறன், கை கால், பொது உடல்நிலை, பார்வை என்ற ஐந்தையும் சேர்த்து ‘ஷேப்’ தரவரிசை போடுவார்கள். ஷேப்-1 இறங்கினால் பதவி உயர்வு, கோர்ஸ், வெளிநாட்டுப் பணி எல்லாமே தடுமாறும். எனவே ஹவில்தார் சன்னக் குரலில், “சார், இதை இப்ப எழுதிடாதீங்க சார், அடுத்த மாசம் கோர்ஸ் இருக்கு” என்பார். மாணவருக்கு இரண்டு எஜமானர்கள்: எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர், அவரை மலை உச்சிக்கு அனுப்பப் போகும் படை. பொய் எழுதக் கூடாது. ஒரே ஒரு அளவை வைத்து அவசரமாகத் தரத்தை இறக்கவும் கூடாது. எது ரகசியம், எதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று நோயாளியிடம் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. இதைப் பழகியவர் நெய்வேலி சுரங்கத் தொழிலாளிக்கோ குடிகாடு சிப்காட் ஆலைத் தொழிலாளிக்கோ தகுதிச் சான்று எழுதும்போது தடுமாற மாட்டார். முதலாளி கேட்கும் சான்றும் தொழிலாளியின் உடம்பும் மோதும் இடம் அங்கேயும் உண்டு.

மதுவும் இப்படித்தான். கேன்டீனில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் குடிநோய் என்று எழுதிவிட்டால் மனநிலைத் தரம் இறங்கும், அதனால் எவரும் உண்மையான அளவைச் சொல்வதில்லை. குடல்வால் அறுவைக்குச் சேர்ந்தவருக்கு ஓரிரு நாளுக்குள் கை நடுங்கி வியர்க்கத் தொடங்கினால் மாணவருக்கு மது நினைவுக்கு வர வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றல் வரை போகலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தையமின் கொடுக்க வேண்டும். குடிப்பீர்களா என்று கேட்டால் ‘எப்பவாச்சும்’ என்ற பதில்தான் வரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு தடவையில் எவ்வளவு, ஒரே மூச்சில் அதிகம் குடித்தது எப்போது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் கணக்கு வெளியே வரும். எல்லை தாண்டினால் சரக்கு மலிவு என்ற நிலையில் வாழும் கடலூர்ப் பக்கத்து டாக்டருக்கு இந்த மூன்று கேள்வியும் ஸ்டெதாஸ்கோப் அளவுக்கு அவசியம்.

வெயில், பாம்பு, வெள்ளம்

ராணுவப் பயிற்சியிலிருந்து சிவில் வாழ்க்கைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு வரக்கூடியவை சில உண்டு. முதலாவது வெப்பத்தாக்கு. ஓட்டத் தேர்வில் சுருண்டு விழும் இளைஞனுக்குத் தோல் வறண்டிருக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இங்கே ஏமாற்றும். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். அக்குளில் வைத்த வெப்பமானி குறைத்துக் காட்டும். ஆசனவாய் வழி அளந்து 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. முதலில் குளிரவை, பிறகு ஆம்புலன்ஸ் ஏற்று என்பது விதி. கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 39க்கு இறங்கியதும் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துப் போவார். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயின் நான்கு முனையையும் தூக்கிப் பிடித்து அதில் தண்ணீரும் ஐஸும் கொட்டினாலும் போதும். பாராசிட்டமால் இதற்கு உதவாது. மரக்காணம் உப்பளத்திலும், தார் ரோடு போடும் இடத்திலும், ஆலை பாய்லர் பக்கத்திலும் சித்திரை வைகாசியில் தேவைப்படுவது இந்த அறிவுதான். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் மூளை வெந்துவிடும் என்பதை அங்கே இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது பாம்புக்கடி. குறிஞ்சிப்பாடி நெல்வயலிலும் நெல்லிக்குப்பம் கரும்புத் தோட்டத்திலும் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறைகிறதா என்று பார்க்க ஆய்வகமே தேவையில்லை. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் நிறுத்தி வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து. இவ்வளவு எளிமையான சோதனையைக் கெடுக்கும் வழிகள் மூன்று. பிளாஸ்டிக் குழாயில் எடுப்பது, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயில் எடுப்பது, அவசரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது. முதல் இரண்டிலும் நல்ல ரத்தமே உறையாததுபோல் காட்டி, தேவையில்லாமல் மருந்து ஏற்ற வைக்கும். மருந்து தொடக்கத்தில் 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. ஒவ்வாமை வந்தால் பெரியவருக்குத் தசையில் போட 0.5 மி.கி. அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தூக்க முடியவில்லை என்றால் உடனே சந்தேகிக்க வேண்டும். அதில் ரத்தம் நன்றாக உறையும். சோதனை சரியாக இருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மூச்சுத் தசை செயலிழந்து உயிர் போகும்.

மூன்றாவது குடிநீர். படை எங்கே கூடாரம் போட்டாலும் தண்ணீரைச் சுத்தம் செய்வது டாக்டரின் பொறுப்பு என்பது பழைய மரபு. ஹாராக்ஸ் கருவி என்று ஒரு சிறு பெட்டி உண்டு; பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஒருவர் வகுத்தது. அதில் ஒரு கறுப்புக் குவளை, ஆறு வெள்ளைக் குவளைகள், 2 கிராம் பிடிக்கும் கரண்டி. கறுப்புக் குவளையில் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய வைக்க வேண்டும். சோதிக்க வேண்டிய தண்ணீரை ஆறு வெள்ளைக் குவளையிலும் நிரப்பி, முதல் குவளையில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று அந்தத் தெளிவை விட்டுக் கலக்கி அரைமணி நேரம் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச் அயோடைடு கரைசல் மூன்று சொட்டு. தெளிவான நீலம் முதலில் எந்தக் குவளையில் தெரிகிறதோ அதுதான் கணக்கு. மூன்றாவது குவளை என்றால் மூன்று கரண்டி, அதாவது 455 லிட்டர் தண்ணீருக்கு 6 கிராம் பவுடர். பெரும்பாலும் தவறு எங்கே வரும் என்றால், மழைக்காலத்தில் மூடி திறந்து கிடந்த பவுடரில். குளோரின் பறந்துபோன பவுடரை எத்தனை கரண்டி போட்டாலும் நீலம் வராது.

2004 டிசம்பர் சுனாமியில் தேவனாம்பட்டினம், 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம் என்று இந்தக் கரை அடிபட்ட வரலாற்றைப் பார்த்தால், முகாம் அமைக்கத் தெரிந்த குடும்ப மருத்துவர் இங்கே எவ்வளவு வேண்டும் என்று புரியும். தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க வாரம் 200 மி.கி. டாக்சிசைக்ளின். இன்சுலின் போடுபவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், இந்த மாதம் பிரசவமாக இருப்பவர் ஆகியோரின் பட்டியல் புயலுக்கு முன்பே கையில். தன் பொறுப்பில் யார் யார் என்று தெரிந்தவருக்குத்தான் இந்தப் பட்டியல் சாத்தியம்.

எங்கே கெடுகிறது

குடும்ப மருத்துவ மாணவர் போகும் துறை ஒவ்வொன்றிலும் விருந்தாளிதான். அறுவைப் பிரிவில் அவருக்கு வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டர் பிடிக்கவும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதவும் மட்டுமே வாய்ப்பு கிடைக்கும். ஆனால் நகச்சுற்றுக்குக் கீறிவிடவும், மூட்டில் ஊசி போடவும், தோல் கட்டியை அகற்றவும் அவர் கற்றிருக்க வேண்டும். வார்டில் ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டப்படுவது கிளினிக் அரைநாள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து அப்படி நடந்தால் குடும்பங்கள் வேறு டாக்டரிடம் போய்விடும், தொடர்ச்சி அறுந்துவிடும். டூட்டி லிஸ்ட் போடும்போதே கிளினிக் நாளை முதலில் குறித்து, மற்றதை அதைச் சுற்றி அமைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை. கிளினிக்குக்கு முந்தின இரவு நைட் டூட்டியும் போடக் கூடாது.

பக்கத்து அறையிலேயே ஸ்பெஷலிஸ்ட் இருப்பதும் கெடுதல். தோலில் தடிப்பா, தோல் டாக்டர்; காது வலியா, காது டாக்டர் என்று அனுப்பிப் பழகினால் மூன்றாண்டு முடிவில் நல்ல தபால்காரர்தான் கிடைப்பார். ஒவ்வொரு பரிந்துரைக் கடிதத்திலும் ‘என் கணிப்பு இது, என் கேள்வி இது’ என்று எழுத வேண்டும். பதில் வந்ததும் ஆசிரியரோடு உட்கார்ந்து எது தேவையாக இருந்தது, எதை நாமே பார்த்திருக்கலாம் என்று மாதம் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். குடும்ப மருத்துவத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத இடத்தில் இது நடப்பதேயில்லை. நம் நாட்டில் பல இடங்களில் பொது மருத்துவ, சமூக மருத்துவ நிபுணர்களே இந்த மாணவர்களுக்கு வழிகாட்டிகள். அவர்கள் திறமைசாலிகள், ஆனால் தான் செய்யாத வேலையை ஒருவர் இன்னொருவருக்குக் காட்டிக்கொடுப்பது கடினம். ராணுவத்தில் இதோடு ஆசிரியருக்கே போஸ்டிங் வந்துவிடும். ஆய்வறிக்கை பாதியில் நிற்க, புது வழிகாட்டிக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது நோயாளிகளின் கலவை. படையில் சேர்ந்தவர்கள் உடற்தகுதி பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்ட இளைஞர்கள். 26 வயது ஜவானின் நெஞ்சுவலியில் மாரடைப்பு அபூர்வம். அதே கண்ணோட்டத்தோடு திருப்பாதிரிப்புலியூரில் 48 வயதுச் சர்க்கரை நோயாளியின் நெஞ்செரிச்சலைப் பார்த்தால் ஆபத்து. படுக்கையில் கிடக்கும் முதியவர்கள், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் முகாமில் குறைவு. இன்னொன்று, அங்கே மருந்து இலவசம். நோயாளியின் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று கேட்கும் பழக்கமே மாணவருக்கு வராது. வெளியே வந்ததும், மாதம் முழுக்கத் தின்ன வேண்டிய மாத்திரையைப் பத்து நாளுக்கு மட்டும் வாங்கிப் போகும் பெண்ணைப் பார்த்து, ஏன் சுகர் இறங்கவில்லை என்று குழம்புவார்.

மொழியும் பதவியும் கூட உண்டு. தமிழ் மாணவர் அம்பாலாவில் பயிற்சி எடுத்தால் ஜவானின் மனைவியோடு இந்தியில்தான் பேச வேண்டும். பஞ்சாபியோ போஜ்புரியோ பேசும் பெண் என்றால் கணவர் மொழிபெயர்ப்பார். கணவர் அறையில் இருக்கும்போது மனச்சோர்வையும் அடிதடியையும் அந்தப் பெண் சொல்ல மாட்டார். கணவரை வெளியே உட்கார வைக்க ஒரு காரணம் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். ‘பரிசோதனை செய்யப் போகிறேன், நீங்கள் பார்மசியில் மருந்து வாங்கி வாருங்கள்’ என்பதே போதும், கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும்.

இந்தக் குறைகளில் பாதியை முன்னாள் படைவீரர் திட்டம் ஈடுகட்டும். 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கும் ஈ.சி.எச்.எஸ். திட்டத்தில், ஓய்வு பெற்றவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் பாலிகிளினிக்குகளில் மருத்துவம் பார்த்துக்கொள்கிறார்கள். புதுச்சேரியிலும் ஒன்று இருக்கிறது. சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம், மறதிநோய் என்று முகாமில் கிடைக்காத முதுமை முழுவதும் அங்கே வரிசையில் நிற்கிறது. பயிற்சி மாணவரை வாரம் ஒருநாள் பாலிகிளினிக்கில் உட்கார வைத்தால், 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்னும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் உணர்ச்சி பார்ப்பதும், மாத்திரைப் பையைக் கொட்டிக் கணக்கெடுப்பதும் கைக்கு வந்துவிடும்.

நம் ஊர் இளம் டாக்டர்களுக்கு

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பக்கத்து ராணுவ மருத்துவமனை சென்னை பரங்கிமலைப் பக்கம்தான், சுமார் 150 முதல் 180 கிலோமீட்டர். காஷ்மீரில் காவல் நிற்கும் ஜவானின் மனைவி காட்டுமன்னார்கோவிலில் மாமியார் வீட்டில் இருந்தால், அவருக்கு அந்த முகாம் மருத்துவம் எட்டாது. ஊரில் இருக்கும் டாக்டர்தான் அவருக்குக் குடும்ப மருத்துவர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் புதுச்சேரி சொல்தா குடும்பங்களும் அப்படியே, கடைசிக்குத் தெரு முனை கிளினிக்கைத்தான் நம்பியிருக்கின்றன. எனவே முகாமின் நல்ல அம்சத்தை, அதாவது பெயர் தெரிந்த மக்கள் கூட்டத்தை, இங்கேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஜிப்மருக்குக் குருசுக்குப்பத்தில் நகர்ப்புற நலவாழ்வு மையமும் ராமநாதபுரம் கிராமத்தில் ஊரக மையமும் உண்டு. இப்படிப்பட்ட மையத்தில் ஒரு மாணவருக்கு 200, 300 குடும்பங்களைப் பெயர் சொல்லி ஒப்படைத்து, மூன்றாண்டும் அவரையே பொறுப்பாக்கினால் போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் ஊழியர்களிடம் யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலின் பின்னால் பயிற்சி பெறும் ஒரு டாக்டரை நிறுத்துவதே மிச்சம்.

ராணுவ மருத்துவமனையில் சீட் எடுக்க நினைப்பவர்கள் சேர்க்கைக் குறிப்பேட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆயுதப்படை மருத்துவமனைகளில் பணியில் உள்ள ராணுவ டாக்டர்களுக்கே முன்னுரிமை. மிஞ்சும் இடத்தில் சேரும் சிவில் டாக்டர், படிப்பு முடிந்ததும் குறும்பணி அதிகாரியாகப் படையில் சில ஆண்டு பணியாற்றப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டிவரலாம். குடும்பச் சூழல், திருமணம், பெற்றோரின் வயது எல்லாவற்றையும் வைத்து வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

இடத்தைப் பூட்டும் முன் அங்கே இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவருக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் கிளினிக் வாரத்தில் எந்த நாள், போன மாதம் அது எத்தனை முறை ரத்தானது? கிளினிக்கில் உங்களோடு உட்காரும் ஆசிரியர் யார், அவர் குடும்ப மருத்துவம் படித்தவரா? பிரசவம் நீங்களே பார்த்தீர்களா, நின்று பார்த்தீர்களா? லாக் புக்கில் அன்றன்றைக்குக் கையெழுத்து ஆகிறதா, தேர்வுக்கு முந்தின வாரம் மொத்தமாகவா? முதலாண்டில் நீங்கள் பார்த்த ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று உங்களால் சொல்ல முடியுமா?